காரில் அடிபட்ட சைக்கிளுக்கு இழப்பீடு: பிரிட்டன் சட்டம் சொல்வது என்ன?

பிரிட்டனில் கார் ஒன்று சைக்கிள் மீது மோதும்போது, சைக்கிளில் சென்றவருக்குக் காயம் ஏற்பட்டதா என்பதே முதலில் எழும் கேள்வி. பெரிய காயமின்றி அவர் தப்பிவிட்டால், விபத்து அத்துடன் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் கோணலான சக்கரத்துடன் வீடு திரும்பும் ஒருவருக்கு, குறிப்பாக உணவு விநியோகம் போன்ற பணிகளில் சைக்கிளையே நம்பிப் பிழைப்பவருக்கு, மறுநாள் வேலைக்கு எப்படிச் செல்வது என்ற கவலை அப்போதுதான் தொடங்குகிறது.

இத்தகைய சேதத்துக்கு இழப்பீடு கோரும் உரிமை சட்டத்தில் உள்ளது. ஆனால் அது கைகூடுமா என்பது பெரும்பாலும் விபத்து நடந்த முதல் சில நிமிடங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

யார் பணம் தருவது?

பிரிட்டனில் மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கப்பட்டது. அன்று அது மரணத்தையும் உடற்காயத்தையும் மட்டுமே உள்ளடக்கியிருந்தது. இப்போது நடைமுறையிலுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறரின் உடைமைக்கு ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். ஆகவே சைக்கிளின் சேதத்துக்கான தொகையை வழக்கமாக வழங்குவது கார் ஓட்டுநரின் காப்புறுதி நிறுவனமே.

ஆனால் ஓட்டுநருக்குக் காப்புறுதி இருப்பதால் மட்டும் பணம் கிடைத்துவிடாது. தவறு ஓட்டுநருடையது என்பதைச் சைக்கிளில் சென்றவரே நிரூபிக்க வேண்டும். நெதர்லாந்தில் நிலைமை வேறு. அங்கு சைக்கிளில் செல்பவர் மீது மோதும் மோட்டார் வாகனத்தின் தரப்பே பொதுவாகப் பொறுப்பேற்க வேண்டும். சைக்கிளில் சென்றவர் மீதும் தவறு இருந்தாலும், வயது வந்தவராயின் சேதத்தில் குறைந்தது பாதியும், 14 வயதுக்கு உட்பட்டவராயின் முழுவதும் கிடைப்பதே அங்குள்ள பொது விதி.

பிரிட்டனில் இந்த நிரூபிக்கும் சுமையே பலரையும் இழப்பீடு கோராமலே விலகிச்செல்ல வைக்கிறது. சாலையோரத்தில் ஓட்டுநர் நீட்டும் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, பெயரையோ பதிவு எண்ணையோ கேட்காமல் சென்றுவிடுவோரும் உண்டு. ஃபிரேமில் விழுந்த விரிசல் பின்னர் தெரியவரும்போது அவர்களிடம் எந்தச் சான்றும் இருப்பதில்லை.

சாலையோரத்தில் செய்ய வேண்டியவை

காயமோ, பிறர் வாகனத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் ஓட்டுநர் வாகனத்தை நிறுத்த வேண்டும், கேட்பவருக்குப் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவ்வாறு தராவிட்டால், 24 மணி நேரத்துக்குள் அவர் காவல்துறையிடம் விபத்தைத் தெரிவித்தாக வேண்டும்.

சைக்கிளில் சென்றவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது காரின் பதிவு எண். அது தெரிந்தால், காப்புறுதி நிறுவனம் எது என்பதைப் பின்னர் கண்டறிய முடியும். நேரில் கண்டவர்களின் தொடர்பு விவரங்களும், வாகனங்கள் நின்ற நிலையைக் காட்டும் புகைப்படங்களும் அடுத்து முக்கியமானவை. பழுதுபார்க்கும் கடையிலிருந்து செலவு மதிப்பீட்டை எழுத்து மூலம் பெறுவதும், கோரிக்கை தீரும்வரை சேதமடைந்த பாகங்களை வீசாமல் வைத்திருப்பதும் அவசியம். கார்பன் இழையால் ஆன ஃபிரேமில் ஏற்படும் உட்சேதம் வெளிப்பார்வைக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

பழுதுபார்க்கக்கூடிய சைக்கிளாயின் அதற்கான செலவையும், முற்றிலும் சேதமடைந்ததாயின் விபத்துக்கு முன் அதற்கிருந்த சந்தை மதிப்பையும் கோரலாம். சைக்கிளின் வயதைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் தொகையைக் குறைக்க முயல்வது வழக்கம். அதே தரத்திலான பழைய சைக்கிள்களின் தற்போதைய விற்பனை விலையைக் காட்டுவதே அதற்குத் தக்க பதில்.

இருதரப்பிலும் தவறு இருந்தால், 1945ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி இழப்பீடு அதற்கேற்பக் குறைக்கப்படும். இரவில் விளக்கில்லாமல் சென்றது சைக்கிளில் சென்றவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படலாம். மறுபுறம், 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிமுறைகள், மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கின்றன. விதிமுறைகளை மீறுவது தன்னளவில் குற்றமாகாவிட்டாலும், நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்டலாம்.

காப்புறுதி நிறுவனம் மறுத்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டுகள் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இன்றியே சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்ற நடைமுறையில் முன்வைக்கலாம். உடைமைச் சேதத்துக்கு 6 ஆண்டுகளும், உடற்காயத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுகளும் கால வரம்பு உண்டு.

காயமும் ஏற்பட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சைக்கிளுக்கான பணத்தைப் பெறும்போது, "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வாசகம் கொண்ட ஆவணத்தில் கையெழுத்திட்டால், காயத்துக்கான இழப்பீட்டைக் கோரும் வாய்ப்பும் அத்துடன் முடிந்துவிடக்கூடும்.

தப்பியோடும் வாகனங்கள்

காப்புறுதி இல்லாத வாகனங்களாலும், மோதிவிட்டுத் தப்பியோடும் வாகனங்களாலும் பாதிக்கப்படுவோருக்காக, மோட்டார் காப்புறுதி நிறுவனங்களின் பொது அமைப்பு ஒன்று 1946ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. ஆனால் மோதிய வாகனத்தை அடையாளம் காண முடியாதபோது, கணிசமான உடற்காயமும் ஏற்பட்டிருந்தால் அன்றி, சைக்கிளின் சேதத்துக்கு மட்டும் அதனிடமிருந்து பணம் பெறுவது அரிது.

காப்புறுதி நிறுவனத்திடம் இத்தகைய கோரிக்கைகளை ஆராய்வதற்கென்றே அலுவலர்கள் இருக்கின்றனர். எதிர்த்தரப்பில் இருப்பதோ தனி மனிதர் ஒருவர். பதற்றம் மிகுந்த அந்த நிமிடங்களில் அவர் குறித்துக்கொள்ளும் பதிவு எண்ணும், எடுத்துவைக்கும் சில புகைப்படங்களுமே பின்னர் அவருக்குத் துணை நிற்கும்.