உங்களுக்குத் தெரியுமா? அட்டைக்கும் புலி மரியாதை!

மணிமுத்தாறு அணை 118 அடி. நெல்லைக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே நிரம்பி வழியும் தண்ணீர் தாமிரபரணியில் கலந்து, புன்னக்காயலில் கடலைத் தொடுகிறதே, அந்த மன்னார் வளைகுடாவின் மணலுக்குள் புலிக்குச் சமமான ஓர் உயிர் படுத்திருக்கிறது. அது யார் தெரியுமா? கடல் அட்டை!

நான் சொல்லவில்லை, சட்டம் சொன்னது! 2001-ல் கடல் அட்டை இனங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலி இருந்த அதே பட்டியல்!

இன்னொரு பொருத்தம் கேளுங்கள். மணிமுத்தாறு அருவிக் காட்டையும் சேர்த்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பிறந்தது 1988-ல். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், வெள்ளை அட்டையை உலகிலேயே முதல்முறையாகத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்ததும் அதே 1988-ல்! மேலே புலி, கீழே அட்டை!

எப்படிப் பொரித்தார்கள்? தண்ணீரின் சூட்டை 3 முதல் 5 டிகிரி கூட்டினார்கள். அவ்வளவுதான்! முதலில் ஆண் அட்டை தலையைத் தூக்கி நின்று ஆடும். அப்புறம் பெண். ஒரு பெண் அட்டை விடும் முட்டைகள் சுமார் 10 லட்சம்!

இத்தனை முட்டை போட்டும் ஏன் அருகிப்போகிறது? இதைத்தான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! முட்டையும் விந்தும் சேர்வது உடலுக்குள் அல்ல, கடல் தண்ணீரில். ஆணும் பெண்ணும் பக்கத்தில் இருந்தால்தான் காரியம் நடக்கும். அட்டையைப் பொறுக்கப் பொறுக்க இடைவெளி கூடுகிறது. கடலில் அட்டை மிச்சம் இருக்கும், குஞ்சு மட்டும் இருக்காது!

இதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு வழி கண்டார்கள். 2004-ல் பவளத்திட்டுக் கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் ஒரு வருடம் பிடித்தால் அடுத்த 2 வருடம் அங்கே ஓய்வு! மொத்தம் எத்தனை பகுதிகள்? 154!

அலாஸ்காவிலும் இதே முறைதான். 3 வருடத்துக்கு ஒரு முறை!

நம் நாட்டிலும் ஒரு விதி இருந்தது. 1982-ல் வந்தது. காய்ந்த அட்டை 7.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி கிடையாது!

நம் ஊரில் இதை யாரும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் வேகவைத்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்து, வெயிலில் உலர்த்திச் சீனர்களுக்கு விற்ற கதைக்கு வயது 1,000 ஆண்டுகளுக்கு மேல்!

அட்டைக்கு மூளை கிடையாது! மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக! எதிரி நெருங்கினால் சில இனங்கள் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பிக்கும், அப்புறம் புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும்! ஒரு வகை அட்டைக்கு வாயில் பல் இல்லை. பின்பக்கத்தில் இருக்கிறது, 5 பல்!

அட்டையின் வேலை என்ன? மணலை விழுங்கி, அதில் ஒட்டிய கழிவைச் செரித்து, சுத்தமான மணலாக வெளியே விடுவது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் பவளத்திட்டில் ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் கணக்குப் போட்டார்கள். அந்த ஒரே திட்டில் அட்டைகள் ஒரு வருடத்தில் சலித்துத் தரும் மணல் 64,000 டன்! இப்படிப்பட்ட உழைப்பாளியையா மூட்டை கட்டிக் கடத்துவது?

கடத்துகிறார்களே! 2015 முதல் 2020 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் பிடிபட்டது மட்டும் ஏறக்குறைய 65 டன்!

இங்கே தொட்டாலே வழக்கு. அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை வைத்தும் வளர்க்கலாம். கடல் ஒன்று, சட்டம் இரண்டு!

மடகாஸ்கரில் தாம்போலோவ் என்ற கிராமம். மக்களே கடலுக்குள் வேலி அடைத்து, பொரிப்பகத்துக் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். எந்த இனம்? நம் தூத்துக்குடித் தொட்டியில் முதலில் பொரித்த அதே வெள்ளை அட்டை! அறுவடை ராத்திரியில்தான். பகலில் மணலுக்குள் புதைந்துவிடுமே!

அட்டைக்கென்றே தனிக் காப்பகம் உண்டா? உண்டு! 2020-ல் லட்சத்தீவில் அறிவித்தார்கள். பரப்பு 239 சதுர கிலோமீட்டர்!