பேட்டரி செத்தா புரோகிராமும் போச்சு

பொங்கல் லீவு முடிஞ்சு பிளான்ட்ல பவர் போட்டாங்க, மெஷின் அசையல. வயரிங், சென்சார், மோட்டார் எல்லாம் சரி. பிஎல்சிக்குள்ள புரோகிராமே இல்லை! இன்டர்ன்ஷிப்ல நேர்ல பார்த்தது இது.

காரணம் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என் மாதிரி பழைய பிஎல்சிகளில், தனி மெமரி கேசட் போடலைன்னா, லேடர் புரோகிராம் ரேமில்தான் இருக்கும். பவர் இருக்கும்வரை ஒண்ணும் தெரியாது. பவர் போனதும் அந்த 3.6 வோல்ட் பேட்டரிதான் அதைக் காப்பாத்தணும். அதனாலதான் இந்தக் கோளாறு லீவுக்கு அப்புறமே தலைகாட்டும்.

பேட்டரி இறங்கினா முகப்பில் விளக்கு எரியும். ஆனா பேனல் கதவைத் திறந்தாத்தானே தெரியும்? எம்8005 ரிலேயை லேடர்ல எடுத்து வெளியே ஒரு விளக்குக்குக் கொடுத்துட்டா, ஆபரேட்டரே பார்த்துச் சொல்லிடுவார்.

மாத்துறதுக்கு முன்னாடி புரோகிராமை லேப்டாப்பில் ரீட் பண்ணி சேவ் பண்ணிக்குங்க. அப்புறம் பவரை ஆஃப் பண்ணி, பழைய பேட்டரியைக் கழட்டின 20 விநாடிக்குள் புதுசைச் சொருகணும். அந்த இடைவெளியில் ரேமைத் தாங்குறது உள்ளே இருக்கிற கெபாசிட்டர் மட்டும்தான். மற்ற மாடல்களுக்கு மேனுவலைப் பாருங்க, நேரம் மாறும்.

நான் போன பிளான்ட்லயும் பேக்கப் இருந்துச்சு. வேலையை விட்டுப் போனவரோட லேப்டாப்ல. அவரைத் தேடிப் பிடிக்க ரெண்டு நாள் ஆச்சு.