சான்றிதழ் கிடைக்கும், பயிற்சி கிடைக்குமா?

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளின் பழுப்பேறிய பற்களே சொல்லிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனால்தான். அந்தப் பாதிப்பு பல்லோடும் எலும்போடும் நிற்கிறதா, பிள்ளைகளின் அறிவுத்திறனையும் தொடுகிறதா? இங்குள்ள முதுநிலை மாணவர் ஒருவர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி இது. இதற்கு ஒற்றை ஆய்வை வைத்துப் பதில் சொல்ல முடியாது. நடந்த ஆய்வுகளையெல்லாம் முன்கூட்டியே வகுத்த விதிப்படி தேடி, தரம் பார்த்துத் தொகுக்க வேண்டும். அதுதான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அவற்றின் எண்களைப் புள்ளியியல் முறையில் ஒன்றுசேர்ப்பது மெட்டா அனாலிசிஸ்.

2012-ல் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சீன ஆய்வாளர்களும் இதே கேள்விக்கு 27 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் மட்டும் தேடி நிறுத்தியிருந்தால் அவற்றில் பல கண்ணிலேயே பட்டிருக்காது. புளோரைடு மிகுந்த ஊர்ப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் சராசரியாகக் குறைவு என்றது தொகுப்பு. ஆனால் பெற்றோரின் படிப்பு, வறுமை, நீரிலுள்ள ஆர்சனிக் போன்றவற்றைப் பல ஆய்வுகள் சரிவரக் கணக்கில் எடுக்கவில்லை. கூட்டல் சரிதான், கூட்டப்பட்டவைதான் பலவீனமானவை. கூட்டலைச் செய்ய மென்பொருள் இருக்கிறது. பலவீனத்தைக் கண்டுபிடிக்க ஆள்தான் பழக வேண்டும். இந்த முறைகளைக் கற்பிக்கும் இரண்டு நாள் பயிலரங்குகள் பலவும் முதலாவதைக் கற்றுத் தந்து சான்றிதழோடு அனுப்பிவிடுகின்றன.

எண்கள் சரியாக வந்தால் போதாதா என்று கேட்கலாம். கொரோனாவுக்கு மருந்தாகப் பேசப்பட்ட ஐவர்மெக்டினின் கதை அதற்குப் பதில். உயிரிழப்பை வெகுவாகக் குறைப்பதாகச் சொன்ன எகிப்திய ஆய்வு ஒன்று பல தொகுப்புகளில் இடம்பிடித்தது. லண்டனில் முதுநிலைப் பாடத்துக்காக அதைப் படித்த மருத்துவ மாணவர் ஒருவர் அதன் தரவுகளில் கோளாறு இருப்பதைக் கண்டார். 2021 ஜூலையில் அது நீக்கப்பட்டது. அதைச் சேர்த்திருந்த மெட்டா அனாலிசிஸ் ஒன்றும் திரும்பப் பெறப்பட்டது. ஐயத்துக்குரிய ஆய்வுகளை விலக்கி மறுபடி கணக்கிட்டபோது, உயிர் காக்கும் பலன் காணாமல் போயிற்று. (பிடித்தவர் பேராசிரியரல்ல, மாணவர் என்பதைக் கவனியுங்கள்.)

தருமபுரியில் இருந்துகொண்டு இதையெல்லாம் கற்க எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. மருத்துவ ரிவ்யூக்களை வெளியிடும் கோக்ரேன் அமைப்புக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் உள்ள மையம் பல ஆண்டுகளாக இந்த வேலைக்கு ஆட்களைப் பழக்கியிருக்கிறது. 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சந்தா கட்டி, கோக்ரேன் நூலகத்தை இந்தியாவில் யாரும் இலவசமாகப் படிக்க வழிசெய்தது. கோக்ரேன் கையேட்டை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ரிவ்யூவின் ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்வதற்கான பிராஸ்பெரோ தளமும் 2011 முதல் இலவசம்தான். ஆக, பாடம் கிடைக்காதது குறையல்ல. திருத்தித் தர ஆள் கிடைக்காததே குறை, அதை எந்த இணையதளமும் தீர்க்காது. கட்டுரைகளைச் சலிக்கும்போது இருவர் தனித்தனியாகப் பார்த்து, முரண்படும் இடத்தில் வாதாட வேண்டும். தேடல் வரிகளை நூலகர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். இவற்றைத் தனியாக உட்கார்ந்து கற்க முடியாது. முதுநிலை ஆய்வேட்டுக்கான காலத்துக்குள் ஒரு ரிவ்யூவை முடிக்க நேரம் போதாது என்பது நியாயமான கவலைதான். அதற்குக் கேள்வியைச் சுருக்கலாம்; முறையைச் சுருக்கக் கூடாது.

பயிலரங்கு ஒன்றுக்குக் கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கற்பிப்பவர் தாமே ஒரு ரிவ்யூ எழுதி வெளியிட்டிருக்கிறாரா? என் சொந்தக் கேள்வியை வைத்துப் பயிற்சி நடக்குமா? முடிந்த பிறகு என் ஆய்வுத் திட்டத்தை யாராவது படித்துத் திருத்துவார்களா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.