வேலைக்காரச் சிறுவன் எழுதிய வரலாறு

போர் முடிந்ததும் தளபதிகள் நூல் எழுதுவார்கள். எந்தப் பாலத்தை எந்தப் பட்டாளம் கடந்தது, எந்த ஊரில் எவர் கொடி பறந்தது என்று விரிவாக எழுதுவார்கள். அந்த ஏடுகளில் உப்பு என்ன விலை விற்றது என்று இராது. பால் வற்றிய தாயின் பேர் இராது. ஏன்? எழுதுகோல் அவள் கையில் இல்லை!

அந்த எழுதுகோலை ஒரு வேலைக்காரச் சிறுவன் கையில் கொடுத்தார், நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா எங்கோசி அடிச்சி. ஆங்கிலத்தில் அவர் எழுதி 2006-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாதி மஞ்சள் சூரியன்’ என்ற நாவல், மறு ஆண்டு பிரிட்டனில் ஆரஞ்சு பரிசு பெற்றது. பரிசு கிடக்கட்டும். அது எழுப்பும் கேள்வி பெரிது.

1960-இல் விடுதலை பெற்ற நைஜீரியாவில், 1966-இல் இருமுறை ராணுவப் புரட்சி நடந்தது. அதே ஆண்டில் வடபகுதியில் இக்போ மக்கள் ஆயிரமாயிரமாய்க் கொல்லப்பட்டனர். தப்பியவர்கள் கிழக்கே ஓடினர். 1967 மே 30-இல் கிழக்குப் பகுதி, பயாஃப்ரா என்ற தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அதன் கொடியில் இருந்த பாதிச் சூரியனே நாவலின் பெயர். ஜூலையில் மூண்ட போர் 1970 ஜனவரி 15 வரை நீடித்தது. துறைமுகங்கள் பறிபோயின, உணவு வரும் வழிகள் அடைபட்டன. குண்டு குடித்த உயிர்களைவிடப் பட்டினி குடித்த உயிர்களே மிகுதி. மாண்டவர் 10 லட்சம் என்பாரும் உண்டு. 30 லட்சம் என்பாரும் உண்டு. இடையே 20 லட்சம் உயிர்கள்! ஏழையின் சாவை எண்ணவும் ஆளில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அடிச்சி பிறந்தது 1977-இல். போரை அவர் கண்டதில்லை. ஆனால் அவருடைய பாட்டனார் இருவரும் அந்தப் போரிலே மாண்டவர்கள்.

கதையின் நடுநாயகன் உக்வூ. கிராமத்திலிருந்து நிசுக்கா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்கு வந்த 13 வயதுப் பையன். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுவதைக் கண்டு வியந்தவன். அந்த வீட்டுத் தலைவி ஒலன்னா, பெருஞ்செல்வர் மகள். போர் வருகிறது. அதே ஒலன்னா உதவிப் பொருளுக்காக வரிசையில் நிற்கிறாள். கிடைத்த இறைச்சி டப்பாவையும் வழியில் படைவீரர்கள் பறித்துக்கொள்கிறார்கள்! கொள்கை பேசிய கூடம், குழந்தைக்குக் கஞ்சி தேடும் குடிசையாகிறது.

“கற்பனைக் கதைதானே, இதை வரலாறு என்னலாமா?” என்று கேட்பார் உண்டு. எளியவர் எல்லாரையும் ஏசுவாக்கிக் காட்டியிருந்தால் அந்த ஐயம் நியாயமே. அடிச்சி அப்படிச் செய்யவில்லை. உக்வூவைப் படைக்குப் பிடித்துச் செல்கிறார்கள். ஒரு மதுக்கடையில் சக வீரர்கள் ஒரு பெண்ணைச் சீரழிக்கும்போது, அவர்களின் ஏச்சுக்கு அஞ்சி அவனும் அந்தக் கொடுமையில் கலந்துகொள்கிறான். போர் ஓய்ந்து ஊர் திரும்பினால், அவன் தங்கைக்கும் படைவீரர்கள் அதே கொடுமையைச் செய்திருக்கிறார்கள்! போர் ஏழையின் உயிரை மட்டுமா பறிக்கிறது? நெஞ்சையும் கறைப்படுத்துகிறது. இதை எந்தத் தளபதி எழுதுவான்?

நாவலுக்குள்ளே ஒரு நூல் எழுதப்படுகிறது; நாம் மடியும்போது உலகம் மௌனமாக இருந்தது என்பது அதன் பொருள். எழுதுபவர் அங்கே வாழும் ஆங்கிலேயர் ரிச்சர்டு என்றே எண்ணிப் படிக்கிறோம். இறுதியில் தெரிகிறது, எழுதியவன் உக்வூ! இது நான் சொல்ல வேண்டிய கதை அல்ல என்று ரிச்சர்டு விலகிக்கொள்கிறார். குழாய்த் தண்ணீரைக் கண்டு வியந்தவன் கையில், குற்றத்தின் சுமை தாங்கிய அதே கையில், ஒரு மக்களின் வரலாறு உருவாகிறது.

போர் முடிந்த அன்று, வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை என்றார் நைஜீரிய ஆட்சித் தலைவர் கோவன். நல்ல சொல்தான்! ஆனால் பயாஃப்ரா நோட்டு செல்லாது. வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் 20 பவுன்தான் கைக்கு வந்தது. மேடையில் கேட்டது மன்னிப்பு. வீட்டில் கண்டது வெறும் பானை.

இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிவைக்க ஒருவன் வேண்டும். அவன் வீட்டு வேலைக்காரனாக இருந்தால், கணக்கில் பானை விட்டுப்போகாது.