தோட்டத்துக்கு எந்த நாய்?

"சார், பன்னித் தொல்லை தாங்கல. சிப்பிப்பாறை ஒண்ணு வாங்கிரலாமா?" என்று புதிதாக நிலம் வாங்கிய நண்பர் கேட்டார். பாங்க்கில் கடன் கேட்டு வருபவரிடம் "எதுக்கு?" என்பதுதான் என் முதல் கேள்வி. நாய்க்கும் அதேதான்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் ஓட்ட நாய்கள். முயல் வேட்டைக்கு வளர்த்தவை. ஓடுவது எதுவானாலும் விரட்டும்; நம்ம கோழியும் அதில் சேர்த்தி. ஒல்லி உடம்பு, பன்றியின் பல்லுக்குத் தாங்காது. ராஜபாளையம் காவலுக்கு நல்லது. ஆனால் அந்த வெள்ளையில் பிறவிச் செவிடு உண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்க. நான் தட்டாமல் வாங்கி, ஒரு வருஷம் காது கேட்காத காவல்காரனை வைத்திருந்தேன்!

இங்கிலாந்தில் ஓட்ட நாயோடு ஆடு மேய்க்கும் நாயையோ டெரியரையோ சேர்ப்பார்கள். லர்ச்சர் என்று பேர். வேகமும் வேணும், சொல்பேச்சும் கேட்கணும். இப்போது என்னிடம் இருப்பதும் சிப்பிப்பாறைக்கும் நாட்டு நாய்க்கும் பிறந்ததுதான். கலப்பில் குட்டிக்குக் குட்டி குணம் மாறும். அதனால் தாய் நாயை ஆடு, கோழி நடுவில் பார்த்துவிட்டு வாங்குங்க.

நாயை விட்டு முயல் பிடித்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்தான். நமக்குக் குரைத்து விரட்டினால் போதும். பகலில் கட்டுங்க, ராத்திரி வேலிக்குள் அவிழ்த்து விடுங்க. வெறிநாய் ஊசி மூன்றாம் மாசம், அப்புறம் வருஷா வருஷம்.