மெய்க்கீர்த்தியும் கணிப்பொறித் துணுக்கும்

ஒன்றையே பலகால் எழுத நேருமிடத்து, மாறாத பகுதியை அச்சுப்போல் வகுத்துக்கொண்டு, மாறும் பகுதிக்கு மட்டும் இடம்விட்டு வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டத்திலே, நார்த்தாமலையில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சோழர் சாசனங்களின் பொது அமைப்பு யாது? முதலில் மங்கலச் சொல். அடுத்து அரசனது மெய்க்கீர்த்தி. பின்னர் அவன் பெயரும் ஆட்சியாண்டும். இறுதியிற் கொடையின் விவரம். முதல் இராசராசன் (985–1014) காலத்தில் வழக்கிற்கு வந்த மெய்க்கீர்த்தி ஊர்தோறும் ஏறக்குறைய ஒரே சொற்களால் வெட்டப்பெற்றது. ஆண்டும் கொடையுமே இடத்துக்கிடம் வேறுபட்டன.

இன்று கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இம்முறையையே கையாளுகின்றனர். அவர்கள் எழுதும் எடிட்டரில் ஒரு சுருக்கப் பெயரைத் தட்டினால், முன்னரே சேமித்த பல வரிகள் திரையில் விரியும். இதனையே ‘ஸ்னிப்பெட்’ என்பர். நாம் துணுக்கு என்போம். அதனுள் டாலர் குறியும் எண்ணும் சேர்ந்து நிற்கும் இடங்களே வெற்றிடங்கள். டேப் விசையை அழுத்த அழுத்த, எழுதுமிடம் ஒன்றினின்று அடுத்ததற்குச் செல்லும். ஒரே எண்ணை ஈரிடத்து இட்டால், ஒன்றில் எழுதிய சொல் மற்றொன்றிலும் தானே அமையும்.

2015ஆம் ஆண்டு வெளிவந்த விசுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டரில், துணுக்குகளை ஜேசான் என்னும் அமைப்பில் எழுதி வைத்தல் வேண்டும். அங்கேதான் தொல்லை. ஒவ்வொரு வரியையும் இரட்டை மேற்கோட்குறிக்குள் அடைத்து, வரிகளுக்கிடையே காற்புள்ளி இடல் வேண்டும். வரியினுள்ளேயே மேற்கோட்குறி வரின், அதன்முன் பின்சாய்கோடு இடல் வேண்டும். நிரலுக்கே உரிய டாலர் குறியையும் அதன்முன் இரு பின்சாய்கோடு இட்டுக் காவாவிடின், எடிட்டர் அதனை வெற்றிடமென மயங்கும். நாற்பது வரி நிரலைக் கையால் இங்ஙனம் மாற்றுவோன் எங்கேனும் வழுவுதல் திண்ணம்.

இவ்விடரைக் களையவே கட்டளை வரிக் கருவிகள் எழுந்தன. கோப்பின் பெயரையும் சுருக்கப் பெயரையும் ஒரே வரியிற் கொடுத்தால் போதும்; கருவி கோப்பைப் படித்து, குறிகளை முறைப்படி மாற்றித் துணுக்காக ஆக்கித் தரும்.

எனினும் கருவி செய்யவொண்ணாத பணி ஒன்றுண்டு. எது நிலையானது, எது மாறுவது என்று பகுத்தறிதல் அதற்கு இயலாது. மாறவேண்டியதை மாறாததாக வைத்துவிட்டால், ஒருவர் செய்த பிழை அத்துணுக்கைப் பயன்படுத்தும் நூறு கோப்புகளிலும் படியும். ஆதலின் துணுக்கையும் காலந்தோறும் திருத்துதல் வேண்டும். சோழர் மெய்க்கீர்த்திகளும் மாறாது நின்றனவல்ல. புதிய வெற்றிகள் சேரச் சேர அவை வளர்ந்தன. அவ்வளர்ச்சியைக் கொண்டே ஆண்டு சிதைந்த கல்வெட்டின் காலத்தையும் அறிஞர் உய்த்துணர்கின்றனர்.

ஆகவே மாணவ நண்பர்காள், எழுதும் உழைப்பைக் கருவியிடம் விடுக; எங்கே இடம்விடுவது என்னும் சிந்தனையை மட்டும் எவரிடமும் விடற்க.