படுக்கையருகே ஒன்பது பேர்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் விடுதி அன்பர் ஒருவர் டெங்குக் காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நெல்லைச் சீமையிலிருந்து இங்கு வந்து இரண்டு மாதங்கூட ஆகாதவர். ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் தெருவே திரண்டு போய்ப் பார்க்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்களல்லவா நாம்? ஒன்பது பேர் போனோம். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஆளுக்கோர் ஆலோசனை, எதற்கும் குறைவில்லை.

காய்ச்சல் அன்று காலையே விட்டிருந்தது. "இனிப் பயமில்லை" என்று அவர் கையைப் பற்றிக் குலுக்கினோம். அறிவியல் படிக்கும் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். ஏனெனில், டெங்குவில் அபாயம் தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான். நோய் கண்ட 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில், நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் வரை இது நீடிக்கும். கசிவு மிகுந்தால் நாடி தளர்ந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை அதன் முன்னறிவிப்புகள்.

நம் அன்பருக்கோ காலை முதலே வயிற்றுவலி. ஹிந்தி தெரியாததால் வயிற்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். வார்டு ஆயா, பசி போலும் என்று எண்ணிக் கிச்சடி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் ஒன்பது பேரும் பேசிய பேச்சில் அவர் வாய் திறக்க இடமேது? எல்லோரும் கிளம்பிய பிறகு, மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பிய ஒருவரிடம் மெல்லச் சொன்னார். அவர் ஓடிப்போய் நர்ஸிடம் சொல்ல, டாக்டர் வந்தார். இரவு முழுவதும் டிரிப்ஸ் ஏற்றிக் கண்காணித்தார்கள். அன்பர் பிழைத்தார்.

இன்னொன்றும் உண்டு. டெங்கு நோயாளி குடிப்பதையும் கழிக்கும் சிறுநீரையும் அளந்து எழுதிவைப்பார்கள். டிரிப்ஸைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தக் கணக்கைப் பார்த்தே. நாம் அன்போடு கொடுக்கும் இளநீர் அதில் ஏறாவிட்டால் கணக்கு தவறும். ஆகவே, நர்ஸைக் கேட்டுக் கொடுங்கள். உடம்பு வலிக்கிறது என்றதும் சட்டைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டும் வள்ளல்களும் நம்மிடையே உண்டு. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை டெங்குவில் இரத்தப்போக்கை உண்டாக்கக் கூடியவை.

கொசுவால் வரும் டெங்கு, கைதொட்டு நமக்கு ஒட்டாது. ஆனால் நம் கையிலிருப்பது நோயாளிக்கு ஒட்டும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறக்குறைய 10 பேரில் 3 பேர் மூக்கில் தொல்லையின்றிக் குடியிருக்கிறது. டிரிப்ஸ் ஊசி குத்திய இடம் அதற்குத் திறந்த வாசல். 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில், பிணத்தை அறுத்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்த மாணவர்களைக் குளோரின் நீரில் கைகழுவச் செய்தார் செம்மல்வைஸ். ஏப்ரலில் 100-க்கு 18 தாய்மார் இறந்த அப்பகுதியில், ஜூனில் இறந்தவர் 100-க்கு 2 அளவே. நாமும் மாணவர்கள்தாமே! உள்ளே போகுமுன்னும் வெளியே வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவ முக்கால் நிமிடம் போதும். சளி, இருமல் உள்ளவர் போகாதிருப்பதே உபகாரம்.

இனி யாரேனும் படுத்தால், நாளுக்கு இருவர் முறை வைத்துப் போவோம் என்று விடுதியில் முடிவு செய்திருக்கிறோம். ஒருவருக்காவது ஹிந்தி தெரிந்திருக்க வேண்டும். போனதும் முதலில் எங்கே வலி, சிறுநீர் போயிற்றா, டாக்டரிடம் சொல்ல ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும். புதிதாக வந்த அன்பர்கள் சில சொற்களையாவது மனப்பாடம் செய்துகொள்க: வயிற்றுவலிக்குப் 'பேட் மே தர்த்', வாந்திக்கு 'உல்டி', இரத்தத்துக்குக் 'கூன்', சிறுநீருக்குப் 'பேஷாப்'. பசிக்குப் 'பூக்' என்பார்கள். அதைச் சொல்லாமலே நம் அன்பருக்குக் கிச்சடி கிடைத்துவிட்டது.